வார்டில் இருக்கும் பிள்ளைக்கே மருந்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது: எந்த வயதில், எவ்வளவு?

இரணியல் அம்மா

என் மகனுக்கு 11 வயது. ஓயாமல் தண்ணீர் குடிப்பதும் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதுமாக இருந்தான். ஆளே மெலிந்து போனான். மூச்சு வாங்கத் தொடங்கியதும் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் வகை நீரிழிவு, வாழ்நாள் முழுவதும் இன்சுலின் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தேறிவிட்டான். சீக்கிரமே வீட்டுக்கு விடுவார்கள்.

இன்சுலின் போடுவதை எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்கிறார் டாக்டர். மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாம் அவன் வாயால் வர வேண்டுமாம். மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “விளையாடுகிற பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுப்பார்களா? நாம் இருக்கும்போது அவனுக்கு ஏன் இந்தக் கவலை?” என்று அழுகிறார். கணவர் சவுதியில் இருக்கிறார்; அம்மா சொல்வதுதான் சரி என்கிறார். நான் முந்திரி ஆலைக்குக் காலையில் போனால் மாலையில்தான் திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் ஏதாவது என்றால் அவன்தானே வாய் திறந்து சொல்ல வேண்டும்? இந்த நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு சிஸ்டர்

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. நாகர்கோவிலில் குழந்தைகள் வார்டில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். டிஸ்சார்ஜ் நாளில் பில் கட்டுவது, ஆட்டோ பிடிப்பது, பையைக் கட்டுவது என்ற பரபரப்பில் சொல்லிக் கொடுக்கும் எதுவும் யார் மனதிலும் நிற்பதில்லை. படுக்கையில் இருக்கும் நாட்கள்தான் கற்றுக்கொள்ளும் நாட்கள். ஒவ்வொரு வேளை மருந்து கொடுக்கும்போதும் ஒரு சின்ன வகுப்பு நடத்த முடியும். “இது என்ன மருந்து? எதற்கு? எவ்வளவு? அடுத்தது எப்போது?” இந்த நான்கையும் நான் பிள்ளையிடம்தான் கேட்பேன், தாயிடம் பிறகு. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். “பாட்டிக்கு நீ எப்படிச் சொல்லிக் கொடுப்பாய், எனக்குச் செய்து காட்டு” என்று கேட்டால்தான் எது புரிந்தது, எது புரியவில்லை என்பது வெளியே வரும்.

வயதுக்குத் தக்கபடி இது மாறும். நான்கு வயதுக் குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். கசக்கும் என்றால் கசக்கும் என்று சொல்லுங்கள். ‘மிட்டாய்’ என்று ஏமாற்றிக் கொடுத்தால், நாளைக்கு அலமாரியில் இருக்கும் குப்பியை அதுவே எடுத்துக் குடிக்கும். குடிக்கலாமா வேண்டாமா என்ற தெரிவை அதற்குக் கொடுக்காதீர்கள். தம்ளரிலா, சிரிஞ்சிலா என்று தெரிவு கொடுங்கள். ஏழெட்டு வயதில் பல பிள்ளைகள், தாங்கள் செய்த குறும்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை முதலில் கேட்டு நீக்க வேண்டும். ஊசியும் தண்டனை என்று நினைக்கிற பிள்ளைக்கு நீங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. “அடம் பிடித்தால் சிஸ்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டும் பெற்றோரை நான் அங்கேயே தடுத்துவிடுவேன்.

உங்கள் மகனுக்கு 11 வயது. அவன் சிரிஞ்சில் மருந்தை இழுக்கலாம், நீங்கள் அளவைக் கண்ணால் பார்த்து “சரி” என்ற பிறகு தானே குத்திக்கொள்ளலாம். குத்துவது அவன் கை, சரிபார்ப்பது உங்கள் கண். பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் வைக்கச் சொல்லவில்லை. அதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தன் மருந்தை அறிந்த பிள்ளை வார்டிலேயே தவறைத் தடுக்கும். “நேற்று மஞ்சள் மாத்திரை, இன்று ஏன் வெள்ளை?” என்று ஒரு குழந்தை கேட்டால், நாங்கள் கையை நிறுத்தி, சீட்டை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கம்பெனி மாறியதாகவே இருக்கலாம். ஆனாலும் கேட்டதற்காக அந்தப் பிள்ளையைப் பாராட்ட வேண்டும், “வாயை மூடிக்கொண்டு விழுங்கு” என்று சொல்லக்கூடாது.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்

சிஸ்டர் சொன்னதோடு, கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இன்சுலின் வாங்கும்போது நம் நாட்டில் இரண்டு அடர்த்திகள் புழங்குகின்றன என்பதை மகனும் நீங்களும் மனதில் பதியுங்கள். குப்பியில் ஒரு மில்லிக்கு 40 அலகு என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 அலகு என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 அலகுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் இருப்பது 50 அலகு. 20 அலகு போட வேண்டிய பிள்ளைக்கு இரண்டரை மடங்கு போய்விடும், சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். நேர்மாறாக, 40 அலகுக் குப்பிக்கு ஆரஞ்சு மூடியைப் பயன்படுத்தினால் 20 கோட்டில் 8 அலகுதான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாததா? நன்றாகப் புரியும். அவனையே போடச் சொல்லுங்கள். அதன் பிறகு கடையில் யார் எந்தச் சிரிஞ்சைக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தைப் பார்க்காமல் வாங்க மாட்டான்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் காய்ச்சல் மருந்திலும் இதே ஆபத்து இருக்கிறது. பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125, 250 என்று பலவிதம். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்து ஒரு மில்லி முதல் ஒன்றரை மில்லி போதும். அதையே சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். இந்த மருந்து அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அதிலும் முதல் நாள் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது, உடனே கொண்டுபோக வேண்டும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் முழுப் பலன்.

வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. மருந்தோடு வரும் அளவு மூடி, அல்லது ஊசி இல்லாத சிரிஞ்சு. டாக்டரிடமும் ‘எத்தனை ஸ்பூன்’ என்று கேட்காமல் ‘எத்தனை மில்லி’ என்று கேளுங்கள்.

கடற்கரை அண்ணன்

நான் தூத்தூர் பக்கம். எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டோம். வீட்டில் தாய் தனியாக நாலு பிள்ளைகளைப் பார்க்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்றால் ‘அவனே போட்டுக்கொள்வான்’ என்று வீடே அவன்மேல் சாய்ந்துவிடும். நோயைச் சுமப்பது போதாதா, கணக்கையும் அவன் சுமக்க வேண்டுமா?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பரீட்சையிலோ வீட்டுச் சண்டையிலோ மனம் உடைந்து, கையில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கிவிடுவது நம் ஊர்களில் நடக்காததா? மருந்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்து, அதையும் பிள்ளையின் கையிலேயே விடலாம் என்கிறீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள் சிஸ்டர்.

வார்டு சிஸ்டர்

கேட்க வேண்டிய கேள்வி அண்ணா. நேராகவே சொல்கிறேன். சொல்லிக் கொடுப்பது வேறு, மருந்துப் பெட்டியின் சாவி வேறு. அறிவு பிள்ளையிடம் இருக்கட்டும், சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும். வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டியது மட்டும் வெளியே, மீதி பூட்டுக்குள். பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாமும் அதே பூட்டுக்குள். வார்டுக்கு வரும் பிள்ளைகளில் பலர் விழுங்கியது தங்கள் மருந்தை இல்லை, வீட்டுப் பெரியவர்களின் மருந்தை. இனிப்பு என்று நினைத்து எடுத்த இரண்டு வயதுக் குழந்தைக்கும் மனம் கசந்த பதினாறு வயதுக்கும் அந்த ஒரே பூட்டுதான் காவல்.

அந்த வயதுப் பிள்ளைகளிடம் தாய் தந்தை இல்லாமல் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவது எங்கள் கடமை என்று நினைக்கிறேன். மருந்தை விட்டுவிடத் தோன்றுகிறதா, வாழ்க்கை வெறுத்ததுபோல் இருக்கிறதா என்று கேட்டால் தப்பான எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்டால்தான் பிள்ளை மனம் திறக்கும். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் 104 எண்ணும் இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கும் அந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வீடு அவன்மேல் சாய்ந்துவிடும் என்று சொன்னது முற்றிலும் உண்மை. பதின்வயதில் பெரியவர்கள் சீக்கிரமே கையை விட்டுவிடுவதால் இன்சுலின் தவறி, மயக்கத்தோடு திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: அவன் போடட்டும், நீங்கள் பாருங்கள். பதினெட்டு வயது வரையிலும் பாருங்கள்.

கல்குளம் மாணவி

எனக்கு இப்போது 19 வயது, கல்லூரியில் படிக்கிறேன். ஐந்து வயதில் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்தது; எத்தனையோ முறை வார்டில் இருந்திருக்கிறேன். பிள்ளையாக அந்தக் கட்டிலில் கிடந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

பெரியவர்கள் வாசலில் நின்று கிசுகிசுத்ததுதான் எனக்கு ஊசியைவிடப் பயம் தந்தது. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கும், பசி அதிகமாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பள்ளியில் பிள்ளைகள் சொல்லித்தான் கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு வந்த ஒரு டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னிடம் நேராகச் சொன்னார்: அளவு குறையக் குறைய முகம் பழையபடி ஆகும், காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க நேரம் பிடிக்கும், அதனால் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. ஒவ்வொரு காலையும் சிறுநீரில் புரதம் போவதைக் காட்டும் பட்டையை நனைத்து, நிறம் பார்த்து, நோட்டில் நான்தான் எழுதினேன். புரதம் தொடர்ந்து வந்தால் அம்மாவிடம் ஓடிச் சொல்வேன், கால் வீங்கும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுவோம். முன்பெல்லாம் கண் வீங்கிய பிறகுதான் போவோம்.

பதின்வயதுப் பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் சொல்வதில்லை. கோயில் கொடை விழா, கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட ஒருத்தி வாங்கிய மாத்திரையைத் தோழிகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடும் பெண்ணுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் யோசிப்பதில்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்ணிடம், பின்னாளில் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து இது, கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே டாக்டரிடம் மாற்றுவதைப் பற்றிக் கேள் என்று சொல்லியாக வேண்டும். அதே மூச்சில், பயந்து தானாக நிறுத்திவிடாதே, வலிப்பு முற்றிவிடும் என்றும் சொல்ல வேண்டும். இதைத் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

குலசேகரம் ரப்பர் வீடு

குறுக்கே ஒரு வார்த்தை. ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைக்கும் வழக்கம் எங்கள் மலையோரத்தில் இன்னும் இருக்கிறது. கடற்கரையில் மண்ணெண்ணெயும் அப்படித்தான். பூட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிட்டோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

முஞ்சிறை சித்த மருத்துவர்

நம் குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களும் வைத்தியசாலைகளும் நிறைய உண்டு. பிள்ளை வார்டில் இருக்கும்போதே பாட்டி கஷாயத்தைச் செம்பில் கொண்டுவந்து மறைவாகக் கொடுப்பதும் உண்டு. சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன், மறைக்காதீர்கள். எங்கள் மருந்தாக இருந்தாலும் அது மருந்துதான். வலிப்பு மருந்தோடும் சிறுநீரக நோயோடும் எது சேரும், எது சேராது என்று பார்க்க வேண்டும். ‘நான் இதையும் குடிக்கிறேன்’ என்று டாக்டரிடம் சொல்லப் பிள்ளைக்கு உரிமையும் தைரியமும் கொடுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வது அந்த வாய்தான். மருத்துவர்களும் அதைக் கேட்டுத் திட்டக்கூடாது. திட்டினால் அடுத்த முறை பிள்ளையும் மறைக்கும்.

தக்கலை ஆசிரியை

பள்ளியிலிருந்து சொல்கிறேன். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கும் பள்ளிகள் உண்டு. மூச்சுத் திணறும்போது சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? சிஸ்டர் சொன்ன பூட்டு விதிக்கு இது விலக்கு. அவசர மருந்து பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும், வகுப்பு ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வார்டிலேயே பிள்ளை செய்து பழகி வந்தால் எங்களுக்கு வேலை எளிது. குலுக்கி, ஸ்பேசர் என்ற குழாயில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டு முறை வேண்டுமென்றால் மறுபடி குலுக்கி இரண்டாவது. பல பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடுகிறார்கள். எது உடனடி நிவாரணத்துக்கு, எது தினமும் தடுப்புக்கு என்பதை நிறம் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். தடுப்பு இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

இரணியல் அம்மா, உங்கள் மகனின் வகுப்பு ஆசிரியரை அவன் திரும்பும் முன்பே பாருங்கள். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் என்றால் சர்க்கரை இறங்குகிறது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பரீட்சை நடந்துகொண்டிருந்தாலும் கேட்காமல் சாப்பிட அவனுக்கு அனுமதி வேண்டும். அவன் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

திருவனந்தபுரம் போய்வரும் தாய்

என் மகள் ரத்தப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுகிறாள். நம் மாவட்டத்திலிருந்து அங்கே போகிறவர்கள் பலர், ஆகவே எழுதுகிறேன். வீட்டில் கொடுக்கும் கட்டத்தில் ஒரு மாத்திரை தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மகளிடம் ‘உன் நாள் எது?’ என்று வார்டிலேயே கேட்டுப் பழக்கினார்கள். காலண்டரில் அந்த நாளை அவளே வட்டமிடுகிறாள். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் உதவிக்கு இருந்தபோது வேறு நாளில் எடுத்துக் கொடுக்க, “இன்று என் நாள் இல்லை” என்று எட்டு வயதுப் பிள்ளை மறுத்துவிட்டாள். நான் மீன் வாங்கப் போயிருந்தேன். அவளுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அங்கே மலையாளத்தில் விளக்குகிறார்கள், நமக்கு ஓரளவு புரிந்துவிடும். ‘ஓரளவு’ என்பது மருந்து விஷயத்தில் போதாது. தமிழில் எழுதி வாங்குங்கள், அல்லது அங்கேயே நீங்கள் எழுதிச் சிஸ்டரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கடற்கரை அண்ணன்

பிள்ளையைக் கைவிடாமல் சொல்லிக் கொடுப்பது என்றால் எனக்கு மறுப்பில்லை. இரணியல் தங்கைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜை நம்பி இருக்க முடியாது. அப்போது இன்சுலினை எப்படி வைப்பது?

மார்த்தாண்டம் மருந்தாளுநர்

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவிலோ நடுத்தட்டிலோ வையுங்கள், ஐஸ் பெட்டியில் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் இருக்கும் குப்பி, அதிக வெப்பம் படாத அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியை அவனே குப்பியில் எழுதட்டும். மின்சாரம் இல்லாவிட்டால், பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. நிழலில் இருக்க வேண்டும், மணல் காயக்கூடாது.

வேறு இரண்டு விஷயங்களும் விட்டுப்போயின. குலுக்க வேண்டிய மருந்தைக் குலுக்கியே ஆக வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடோயின் திரவத்தைக் குலுக்காமல் கொடுத்தால் மேலே நீர்த்துப்போய் வலிப்பு வரும், அடிக்குப் போகப் போக அளவு கூடி மயக்கம் வரும். உலர்பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்புக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்ற வேண்டும். பெரும்பாலானவை ஏழு நாளுக்கு மேல் ஆகாது. மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள், தம்பிக்கும் கொடுக்காதீர்கள்.

இரணியல் அம்மா

எல்லோருக்கும் நன்றி. மாமியாரை இன்று வார்டுக்கு அழைத்துப் போனேன். சிஸ்டர் அவரையும் உட்கார வைத்தார். மகன் பாட்டிக்குச் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தான். அவர் இன்னும் முழுமனதோடு இல்லை, ஆனால் சர்க்கரைத் தண்ணீர் எப்போது கொடுப்பது என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். மகன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான்: ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவாக இருக்கிறதாம், அங்கேயே குத்தலாமா?

வார்டு சிஸ்டர்

கூடாது என்று சொல்லுங்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கு அடியில் கட்டி போல் தடித்துவிடும். வலி குறைவதும் அதனால்தான். அங்கே போடும் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறியும் இறங்கியும் போகும். வயிறு, தொடை என்று மாற்றி மாற்றி, முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். வயிற்றின் படம் ஒன்றை நோட்டில் வரைந்து, அன்றன்று குத்திய இடத்தில் புள்ளி வைக்கட்டும். அந்த நோட்டை மறுபரிசோதனைக்கு வரும்போது அவனே கொண்டுவந்து டாக்டரிடம் காட்ட வேண்டும்.